ஆடி அமாவாசைக்குப் பூண்டுக் குழம்பு

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி என்றால் ஆறு மணிதான். அதற்குள் அடுத்த ஆறு நாளைக்கு என்ன குழம்பு, என்ன பொரியல் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டும். டப்பாச் சாப்பாடு வாங்குகிற அறுபத்திரண்டு பேரும் காத்திருப்பார்கள். ஐந்து நிமிடம் தாமதமானால் முதலில் ஒரு கேள்விக்குறி வந்து விழும். பிறகு கையெடுத்துக் கும்பிடுகிற படம் ஒன்று வரும். அதற்குப் பிறகு யாராவது ஒருத்தர், "இந்த வாரமும் புளிசாதமா?" என்று கேட்டுவைப்பார்.

அதனால்தான் பொற்கொடி காலை பத்து மணிக்கே உட்கார்ந்துவிட்டாள். ஏலக்காய் வியாபாரி கொடுத்த காலண்டரில் தேதி முடிந்துபோன ஆனி மாதத் தாள். அதன் பின்பக்கத்தில் ஒரு பிள்ளையார் சுழி. கீழே திங்கள், செவ்வாய், புதன் என்று நாட்களின் பெயர்கள் மட்டும் வரிசையாக நின்றன. நாட்கள் எப்போதும் சுலபமாக வந்துவிடும். அதற்கு எதிரே எழுதவேண்டியதுதான் வராது.

இந்த வீட்டுக் கதையை வாராவாரம் படித்து வருகிறவர்களுக்கு அவள் ஏன் தனியாக உட்கார்ந்து பேனாவைக் கடிக்கிறாள் என்று தெரியும். இன்றைக்குத்தான் உள்ளே வருகிறீர்கள் என்றால் நின்றுகொண்டே கேட்டுவிடுங்கள். பொற்கொடியும் முனீஸ்வரியும் ஓரகத்திகள். அண்ணன் விஜயகுமாரைக் கட்டியவள் பொற்கொடி. தம்பி ராஜ்கமலைக் கட்டியவள் முனீஸ்வரி. மூன்று வருடத்துக்கு முன்னால் போடியில் இரண்டு பேரும் சேர்ந்து டப்பாச் சாப்பாடு போட ஆரம்பித்தார்கள். பெரியவள் அடுப்பில் நிற்பாள். சின்னவள் பட்டியல் போடுவாள், காய் நறுக்குவாள், டப்பா கட்டுவாள். பேங்க், பள்ளிக்கூடம், பிள்ளைகள் வெளியூரில் இருக்கிற வயசாளிகள் என்று பாதி டப்பா ஊருக்குள்ளேயே போகும். மீதி டப்பா விஜயகுமாரின் ஜீப்பில் ஒன்பதரை மணிக்கு மலையேறி எஸ்டேட்டுகளுக்குப் போகும்.

நாலு வாரத்துக்கு முன்னால் மலைக்குப் போன டப்பாக்களில் அவரைக்காய்க் கூட்டு நூல்விட்டுப் போனது. குழுவில் ஆளாளுக்குப் பொரிந்து தள்ளினார்கள். பொற்கொடி உடனே குரல் பதிவு ஒன்று போட்டாள். முனீஸ்வரிக்குக் கொரோனாக் காய்ச்சல் வந்ததிலிருந்து வாசனையே தெரியாது, கூட்டைப் பார்த்துக் கட்டியவள் அவள்தான், இனிமேல் அவள் அடுப்படிப் பக்கம் வரமாட்டாள் என்று. முனீஸ்வரி அன்றைக்குப் போனவள்தான்.

இது ஊருக்குத் தெரிந்த பாதி. ஊருக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. கூட்டைத் தாம்பாளத்தில் பரப்பி மின்விசிறிக்குக் கீழே ஆற வைத்துவிட்டுத்தான் முனீஸ்வரி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். தெருவில் ஜீப் ஹாரன் அடித்தது. ஒருமுறை, இரண்டுமுறை, மூன்றாவது முறை விடாமல். பொற்கொடி ஆவி பறக்கப் பறக்கக் கூட்டை அள்ளிப் போட்டு மூடிவிட்டாள். தேங்காய் அரைத்து ஊற்றிய கூட்டை அப்படி மூடினால் மதியத்துக்குள் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தேதான் மூடினாள்.

பட்டியல் எழுதுவது ஒரு வேலையா என்று முன்பெல்லாம் அவள் நினைத்ததுண்டு. அடுப்பனலில் தான் ஒருத்தி வேக, நிழலில் உட்கார்ந்து பேனா பிடித்துவிட்டு நல்ல பெயரைச் சின்னவள் தட்டிக்கொண்டு போகிறாள் என்று ஒரு கறுவல் இருந்தது. பேனா தன் கைக்கு வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. போன வாரம் செவ்வாயும் வெள்ளியும் புளி. அதற்கு முந்தின வாரம் மூன்று நாள் உருளைக்கிழங்கு. கத்தரிக்காய் தின்றால் உடம்பெல்லாம் தடிக்கிற டீச்சருக்கு எண்ணெய்க் கத்தரிக்காய் போனது. யாருக்கு எது ஆகாது என்று ஒரு தாளிலும் எழுதிவைத்திருக்கவில்லை. அத்தனையும் முனீஸ்வரியின் தலைக்குள் இருந்தது. தலை இப்போது பக்கத்துத் தெருவில் இருந்தது.

திங்கள், சாம்பார் என்று எழுதினாள். செவ்வாய், மொச்சைக் குழம்பு. புதன், புளிசாதம் என்று எழுதி உடனே அடித்தாள். வியாழனுக்குப் பூண்டுக் குழம்பு என்று தோன்றியதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. பூண்டுக் குழம்பு வைத்து ஒரு மாதம் ஆகியிருக்கும். யாரும் குறை சொல்ல முடியாது.

விஜயகுமார் ஜீப்பைக் கழுவிவிட்டு, டீக்கடைக்கும் போய்விட்டு உள்ளே வந்தான். வந்தவன் சட்டையைக் கழற்றாமல் நின்றான்.

"ராஜ்கமலைப் பார்த்தேன்" என்றான்.

பொற்கொடி தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்னவாம்?"

"நாளைக்கு விடியக்காலம் சாமான் ஏத்தணுமாம். ஜீப்பு கேட்டான்."

"என்ன சாமான்?"

"வீட்டுச் சாமான்தான். குடும்பத்தோட மலைக்குப் போறாங்க. எஸ்டேட்ல அவனுக்குக் கங்காணி வேலை கிடைச்சிருக்கு. லயத்து வீட்டு வரிசையில ஒரு ரூம் தர்றாங்களாம். முனீஸ்வரி ஏலத்தோட்டத்துல காயெடுப்புக்குப் போறாளாம்."

"அவ காயெடுக்கப் போறாளா?" பேனா நின்றுவிட்டது. "அட்டைக்கடியில, சாரல்ல, நாள் பூராக் குனிஞ்சுக்கிட்டு அவளால முடியுமா? அவளுக்கு என்ன தலையெழுத்து?"

"வேற என்ன சோலி பார்ப்பா? புதுசா லேடீஸ் ஹாஸ்டல் ஒண்ணு தொறக்குறாங்கல்ல, அங்க சமையலுக்கு ஆள் கேட்டாங்கன்னு போயிருக்கா. வார்டன் அம்மா யாருங்கிற? வீரலட்சுமி மேடம். ஹாஸ்டல் தொறக்கிற வரைக்கும் நம்ம டப்பாதான் சாப்பிடுறாங்க. நம்ம குரூப்புலதான் இருக்காங்க. 'நூத்துப்பத்துப் புள்ளைகளுக்கு ஆக்குற இடம்மா, கேஸ் கசிஞ்சாக்கூட உனக்குத் தெரியாதாமே'ன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம்."

அது தன் குரல் பதிவிலிருந்து போன பேச்சு என்று பொற்கொடிக்குப் புரிந்தது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "நான் என்ன இல்லாததையா சொன்னேன்? அவளுக்கு வாசனை தெரியாதுங்கிறது நிஜந்தானே?"

"அது நிஜந்தான். கூட்டு?"

அவள் தாளில் அடித்த புளிசாதத்தின் மேல் இன்னொரு கோடு இழுத்தாள்.

விஜயகுமார் எதிரே வந்து தரையில் உட்கார்ந்தான். குரலை உயர்த்தவில்லை. கோபப்படத் தெரிந்த ஆளும் இல்லை அவன்.

"அன்னைக்கு டப்பாவைத் தூக்கி ஜீப்புல அடுக்குனவன் நான். கை சுட்டுச்சு. ஆற வச்சுக் கட்டுன டப்பா கையைச் சுடுமா?"

"தெரிஞ்சுக்கிட்டா நாலு வாரமா கம்முனு இருந்தீங்க?"

"நீயாச் சொல்லுவேன்னு பார்த்தேன். இன்னைக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னு பார்த்துக்கிட்டே இருந்துட்டேன். நாள் போகப் போகக் கேட்க வாய் வரலை. ஹாரனை அந்த அடி அடிச்சவனும் நான்தானே. எனக்கு மட்டும் என்ன யோக்கியதை இருக்கு?"

அவன் எழுந்து போய்ச் சட்டையைக் கழற்றி மாட்டினான். பொற்கொடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். தான் ஒருத்தி மட்டும் சுமப்பதாக நினைத்திருந்ததை இத்தனை நாளும் இன்னொருவரும் பக்கத்திலேயே படுத்துச் சுமந்திருக்கிறார். அது அவளுக்கு ஆறுதலாக இல்லை, வெட்கமாகத்தான் இருந்தது.

மூன்று மணிக்குச் சேலையை மாற்றிக்கொண்டு, பட்டியல் தாளை மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குக் கிளம்பினாள்.

போகிற வழியில் ஏலக்காய் மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி ஒன்று உண்டு. ஞாயிறு என்பதால் அடைத்திருந்தது. அடைத்த கதவுக்கு வெளியேயும் வாசனை நின்றது. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வாசனையாகவே தெரியாது, காற்றென்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் காய்ச்சல் விட்டு எழுந்த முனீஸ்வரி, நல்ல பச்சைக் காயாக ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே அழுதாள். "அக்கா, மரச்சக்கையை மெல்ற மாதிரி இருக்கு" என்றாள். அன்றைக்குத்தான் விஷயத்தைச் சொன்னாள். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை, பொற்கொடியிடம் மட்டும்தான் சொன்னாள். உப்பும் உறைப்பும் நாக்குக்கு மெல்ல மெல்லத் திரும்பின. வாசனை கடைசிவரை வரவில்லை.

அதற்குப் பிறகு பொற்கொடிதான் அவளுக்கு மூக்கு. எண்ணெய் சிக்கு வாடை அடிக்கிறதா, தயிர் புளித்துவிட்டதா, பருப்பு அடிப்பிடிக்கிறதா என்று, "அக்கா, கொஞ்சம் முகர்ந்து சொல்லுங்க" என்பாள். பொற்கொடி சொன்னால் அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கமாட்டாள். அந்தக் கூட்டு நாள் வரைக்கும் மூன்று வருடத்தில் ஒரு டப்பா கெட்டதில்லை.

வீட்டு வாசலிலேயே மூட்டைகள் தெரிந்தன. பாத்திரங்களைப் பழைய சேலையில் போட்டு முடிந்திருந்தாள். முனீஸ்வரி கயிற்றின் நுனியைப் பல்லால் இழுத்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கயிற்றை விட்டாள்.

"வாங்கக்கா" என்றாள். நாலு வாரத்துக்கு முன்னால் எப்படிச் சொல்வாளோ அப்படியே சொன்னாள். ஒரே ஒரு செம்பு மூட்டைக்கு வெளியே மிச்சம் இருந்தது. அதில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பொற்கொடி குடித்தாள். சொல்ல வந்தது கூட்டைப் பற்றி. வெளியே வந்தது வேறு ஒன்று.

"பட்டியல் எழுதினேன் முனீஸ். சரியா வரமாட்டேங்குது."

சொன்ன கணமே தன்மேல் தனக்கே அருவருப்பாகப் போனது. ஊரைவிட்டுப் போகிறவளிடம் வந்து கேட்கிற கேள்வியா இது?

முனீஸ்வரி கை நீட்டித் தாளை வாங்கினாள். மூட்டைமேல் உட்கார்ந்து படித்தாள். வியாழக்கிழமை வந்ததும் விரல் நின்றது.

"பூண்டுக் குழம்பா?"

"ரொம்ப நாளாச்சேன்னு போட்டேன்."

"அன்னைக்கு ஆடி அமாவாசைக்கா."

பொற்கொடிக்குக் கூசிப்போனது. பூண்டும் வெங்காயமும் பல வீட்டில் அன்றைக்கு அடுப்புப் பக்கமே வராது. அறுபத்திரண்டு பேருக்கும் அதைப் படம்போட்டு அனுப்பப் பார்த்திருக்கிறாள்.

"பேனா இருக்கா? சந்தையில என்ன காய் எடுத்தீங்க?" என்றாள் முனீஸ்வரி.

"முருங்கைக்கீரை இருக்கு. வெண்டை, அவரை, ஒரு தார் வாழைக்காய், பூசணி, கருணைக்கிழங்கு."

"கீரைதான் முதல்ல சாகும். அதைத் திங்கக்கிழமையே முடிச்சுருங்க. கீரைக்கு மொச்சைக் குழம்பு நல்லாருக்கும், செவ்வாய்க்கிழமை போட்டதை இங்க கொண்டாந்துரலாம். மலை டப்பாவுக்குக் குழம்பு வேண்டாம், வளைவுல சிந்திரும். அவுகளுக்கு எள்ளுச் சாதம் கிண்டிக்கங்க, அதே கீரையை வைங்க." எழுதிக்கொண்டே பேசினாள். "மொச்சையும் எள்ளும் நாக்குல கனமா நிக்கும்க்கா. மறுநாளும் உறைப்பா எதையும் கொடுத்தா ஆளுக்கு அலுத்துப்போகும். வெண்டைக்காய் மோர்க்குழம்பு வச்சா அடங்கிரும். மலைக்கு வெண்டைக்காயை மொறுமொறுன்னு வறுத்து, கறிவேப்பிலைச் சாதம்."

பொற்கொடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாசனையும் தெரியாத பெண் அறுபத்திரண்டு பேர் வாயில் நேற்று என்ன இருந்தது, நாளைக்கு என்ன வேண்டும் என்று சொல்லிக்கொண்டு போகிறாள். தனக்கு மூக்கும் நாக்கும் சுத்தமாக இருந்து என்ன பயன் என்று நினைத்தாள்.

"புதன்கிழமை பருப்பு உருண்டைக் குழம்பு போடுங்க, வச்சு ரெண்டு மாசம் ஆச்சு. ரிட்டையர்டு வாத்தியாருக்கு மட்டும் உருண்டை வேண்டாம், வாய்வு பிடிச்சுக்கும். அவருக்கு அவரைக்காய்ப் பொரியல் ஒரு கரண்டி கூட வைங்க." பேனா ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது. "வியாழக்கிழமை ஊருக்குள்ள பாதிப் பேர் டப்பா வேண்டாம்பாங்க, வீட்டுல படையல் இருக்கும். பேங்க்கு கேஷியர் தம்பி வேண்டாம்னு சொல்லமாட்டாரு. அவருக்கு நினைச்சுக்கிட்டுக் கட்டுங்க. வாழைக்காய் வைங்க. பூண்டு, வெங்காயம் எதுவும் பட்டுறாம கட்டுங்க. கொஞ்சம் பாயசமும் வைங்க."

"அவருக்கு என்ன?"

"மாசியில அவுக அப்பா தவறிட்டாருல்ல. அப்பா போய் வர்ற முதல் ஆடி அமாவாசை. இங்க தனியா ரூம் எடுத்து இருக்காரு, ஆக்கிப்போட ஆள் இல்லை."

"உனக்கு யாரு சொன்னா?"

"பதினாறு நாளைக்கு டப்பா வேண்டாம்னு குரூப்புல போட்டிருந்தாரேக்கா. நீங்க பார்க்கலையா?"

பொற்கொடி பார்த்திருந்தாள். பதினாறு நாளைக்கு ஒரு டப்பா குறைவு என்று மட்டும் அதைப் பார்த்திருந்தாள்.

அதற்கு மேல் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. "அன்னைக்குக் கூட்டைச் சூட்டோட மூடினது நான்தான் முனீஸ்" என்றாள்.

முனீஸ்வரி வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்த இடத்தில் பேனாவை வைத்தபடியே இருந்தாள். "தெரியும்க்கா" என்றாள்.

"தெரியுமா?"

"தாம்பாளத்தைக் கழுவ எடுத்தேன்ல. அடியில ஆவித்தண்ணி கோத்து நின்னுச்சு. தொட்டா சூடு. மூக்குத்தானே போச்சு, கை போகலையே."

"ஏன்டி அப்பவே சொல்லலை?"

"அப்ப ஜீப்பு போயிருந்துச்சு. மத்தியானம் குரூப்புல பொரிஞ்சப்ப சொல்லத்தான் ஃபோனை எடுத்தேன். அதுக்குள்ள உங்க வாய்ஸ் வந்துருச்சு. மூக்குச் செத்தவ பேச்சை அதுக்கப்புறம் யாரு கேப்பா?"

தெருவில் ஐஸ் வண்டிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

"அவுக என்னைத் திட்டலைக்கா. ஏன் மறைச்சேன்னுகூடக் கேட்கலை" என்றாள் முனீஸ்வரி. புருஷனைச் சொல்கிறாள். "ஆனா இப்பல்லாம் நான் சோறு போட்டதும் கிண்ணத்தை முகத்துகிட்ட கொண்டுபோய் முகர்ந்து பார்க்கிறாரு. பார்த்துட்டுத்தான் கையை வைக்கிறாரு. எனக்குத் தெரியக்கூடாதுன்னு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டு முகர்றாரு. பன்னெண்டு வருசமா நான் போட்டதை அப்படியே அள்ளித் தின்ன மனுசன்."

பொற்கொடி அழுதுவிட்டாள். முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தாள், அடங்கவில்லை. முனீஸ்வரி அழவில்லை, அவளைத் தொடவும் இல்லை.

"போகாத முனீஸ். வந்துரு. எல்லாத்தையும் குரூப்புல நான் சொல்லிடுறேன். உன் அடுப்படிதானே அது."

"சொல்லுங்க. கூட்டைப் பத்திச் சொல்லத்தான் வேணும். ஆனா நான் வரமாட்டேன். கோவத்துல சொல்லலைக்கா." குடித்த செம்பை எடுத்துத் தள்ளிவைத்தாள். "நீங்க முகர்ந்து 'நல்லாருக்கு'ன்னு சொன்னா நான் மூடிருவேன். கேள்வியே கேட்கமாட்டேன். இனிமே நீங்க சொன்னா எனக்கு நம்ப வராது. அது வராம நான் எந்த அடுப்புகிட்ட நிக்கிறது?"

மன்னிப்புக் கேட்டால் கூட்டுக்குக் கேட்கலாம், குரல் பதிவுக்குக் கேட்கலாம். இதற்கு எப்படிக் கேட்பது என்று பொற்கொடிக்குத் தெரியவில்லை.

வெள்ளியையும் சனியையும் எழுதி முடித்து முனீஸ்வரி தாளை நீட்டினாள். நீட்டிய தாளை விடாமல் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். என் மூக்கைப் பத்தி மட்டும் இனிமே யார்கிட்டயும் பேசாதீங்க. நல்லதுக்கும் வேண்டாம், கெட்டதுக்கும் வேண்டாம். யாராச்சும் கேட்டா, அவளையே கேளுங்கன்னு சொல்லிருங்க. அது நான் உங்களை நம்பிச் சொன்னதுக்கா."

"சத்தியமாப் பேசமாட்டேன்."

முனீஸ்வரி தாளை விட்டாள்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. பொற்கொடி பட்டியலைப் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். போட்டுவிட்டுக் குரல் பதிவை அழுத்திப் பிடித்தாள். விஜயகுமார் நிலைக்கால் பக்கம் வந்து நின்றான்.

"எல்லாருக்கும் வணக்கம், பொற்கொடி பேசுறேன். நாலு வாரத்துக்கு முந்தி மலை டப்பாவுல கூட்டு கெட்டுப்போச்சு. அது முனீஸ்வரி தப்பு இல்லை. அவ ஒழுங்காத்தான் ஆற வச்சிருந்தா. ஆறுறதுக்கு முன்னாடி அள்ளி மூடினது நான். உங்க எல்லாருக்கும் பயந்துக்கிட்டு அவ மேல பழியைப் போட்டுட்டேன். இந்த வாரப் பட்டியல் அவ போட்டது. மூணு வருசமா நீங்க நல்லாருக்குன்னு சொன்ன பட்டியல் பூராவும் அவ போட்டதுதான்."

விரலை எடுக்கப் போனவளைத் தடுத்து விஜயகுமார் ஃபோனுக்கு அருகே குனிந்தான். "விஜயகுமார் பேசுறேன். டப்பா சுட்டது எனக்கும் தெரியும். நானும் சொல்லலை" என்றான். வாழ்நாளில் அவன் போட்ட முதல் குரல் பதிவு அதுவாகத்தான் இருக்கும்.

முதலில் மலையில் இருந்து ஒருவர், "மூணு நாள் வயிறு போச்சு எனக்கு, இப்ப வந்து சொல்றீங்க" என்று எழுதினார். நாலு பேர் குழுவைவிட்டு விலகினார்கள். கத்தரிக்காய் ஆகாத டீச்சர் மட்டும், "முனீஸ்வரி நல்லா இருக்காங்களா?" என்று கேட்டிருந்தார். அதைப் பார்த்ததும் பொற்கொடிக்கு மறுபடியும் கண் நிறைந்தது. ஆனாலும் மனம் கொஞ்சம் இலகுவாகியிருந்தது என்பதை மறைப்பானேன்.

அப்போதுதான் ஃபோன் அடித்தது. வார்டன் வீரலட்சுமி.

"பொற்கொடிம்மா, உங்க வாய்ஸ் கேட்டேன். ஒத்துக்கிட்டதுக்கு நன்றி. எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். கூட்டு விஷயம் நீங்க கட்டிவிட்டதுன்னா, வாசனை தெரியாதுன்னதும் நீங்க கட்டிவிட்டதுதானா? அப்படின்னா சொல்லுங்க. நாளைக்கே அவங்களை வரச் சொல்லிடுறேன். ஆளை எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது."

ஆமாம் மேடம், அதுவும் பொய்தான். இந்த ஒரு வரி போதும். கட்டிய மூட்டைகளை முனீஸ்வரி அவிழ்த்துவிடுவாள். ஆனால் பெரிய அடுப்பு, கேஸ், நூற்றுப்பத்துப் பெண்பிள்ளைகள். பொய் சொல்ல வாய் வரவில்லை. அவளையே கேளுங்கள் மேடம் என்று சொல்லியிருக்கலாம். முனீஸ்வரி சொல்லச் சொன்னதும் அதைத்தான். ஆனால் அப்படிச் சொன்னால் வார்டன் கதவைச் சாத்திவிடுவாரே என்று பயம். இவ்வளவு கெடுதல் செய்த கையால் ஒரு நல்லது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு வேறு அவளைப் பிடித்து உந்தியது.

"வாசனை தெரியாதுங்கிறது நிஜந்தான் மேடம். ஆனா கேளுங்க. மூணு வருசத்துல அவ கையில ஒண்ணு கெட்டதில்லை. பக்கத்துல துணைக்கு ஒரு ஆளை மட்டும் போடுங்க. பட்டியலை அவகிட்ட விட்டுப் பாருங்க, ஒரு புள்ளை சாப்பாட்டைக் கீழ கொட்டாது" என்று ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. காய்ச்சல் வந்தது, ஏலக்காயை மென்று அழுதது, புருஷனிடம்கூட மறைத்தது, இப்போது அவன் கிண்ணத்தை முகர்ந்து பார்ப்பது என்று வார்டன் மனசு இளகும்படி ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"பாவம்தான்" என்றார் வீரலட்சுமி. "சரிம்மா, யோசிச்சுப் பார்க்கிறேன். அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை பேசிடுறேன்."

பொற்கொடி ஃபோனை வைத்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"யோசிக்கிறேங்கிறாங்க. அவகிட்டப் பேசுறாங்களாம். நல்லவிதமா எல்லாத்தையும் எடுத்துச் சொல்லிட்டேன்" என்றாள்.

விஜயகுமார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதையெல்லாம் சொல்லலாமான்னு முனீஸ்வரியைக் கேட்டியா?" என்றான்.

பொற்கொடியின் முகம் மெல்ல மாறியது. சத்தியம் செய்து முழுசாக மூன்று மணி நேரம் ஆகவில்லை. முதல் தடவை தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகச் சொன்னாள், இந்தத் தடவை முனீஸ்வரியைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னாள். இரண்டு தடவையும் சொன்னது ஒன்றேதான். இரண்டு தடவையும் அவளைக் கேட்கவில்லை.

கால்மணி நேரம் கழித்து ஃபோன் மறுபடியும் அடித்தது. திரையில் முனீஸ்வரியின் பெயர். நாலு வாரமாக அந்தப் பெயரிலிருந்து ஒரு அழைப்பு வராதா என்று ஏங்கியவள், அது அடித்து ஓயும்வரை எடுக்காமல் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.